‘கேரியர்தான், பரவாயில்லை’ என்றால் அப்படியே எழுந்து வராதீர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் மாமா இறந்த பிறகு அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். லோரி லைசன்ஸ், பிறப்புப் பத்திரம், அடியில் நான்காய் மடித்த ஒரு கடிதம். 2006இல் கோயில் மண்டபத்தில் இரத்த தானம் செய்த பிறகு வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று மலாயில் இருந்தது. மாமா போகாமல் இல்லை. ‘கேரியர்தான், பரவாயில்லை’, அதாவது வைரஸ் உடம்பில் இருக்கிறது, நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறார் அத்தை. அடுத்த தேதி யாரும் கொடுக்கவில்லை. 15 வருடம் கழித்து வயிறு வீங்கியபோது கல்லீரலில் கட்டி, அறுக்க முடியாத அளவுக்கு.

பி வைரஸ் கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே தன் துண்டைச் செருகிவிடும். அதனால் கல்லீரல் சுருங்கி இறுகாமலேகூடப் புற்றுநோய் வரலாம். கல்லீரலைத் தாக்கும் இன்னொன்றான ஹெபடைட்டிஸ் சி வைரஸ் வேறு மாதிரி. வருடக்கணக்கில் கல்லீரலைப் புண்ணாக்கித் தழும்பாக்கும். அந்தத் தழும்பில் கட்டி முளைக்கும். பெரும்பாலோருக்கு இருபது, முப்பது வருடம் வலியே தெரியாது. மஞ்சள் காமாலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இங்கே மலேசியாவில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி சேர்ந்தது 1989இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது தங்கிவிடும். அதனால் வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் போக வேண்டும். சி வைரஸுக்குத் தடுப்பூசியே கிடையாது.

குடியுரிமை உள்ளவர்களின் நீல அடையாள அட்டையான மைகாட் இருந்தால் அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). கவுண்டரில் ‘பிளட் டெஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘லிவர் டெஸ்ட் நார்மல்’ என்று வந்தால் வைரஸ் இல்லை என்று அர்த்தம் இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் 40 வயது கடந்தவர்களுக்கும் அவர்களுடைய துணைக்கும் பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. கட்டாயம் போங்கள். ஆனால் அதில் ஹெபடைட்டிஸும் பார்த்துவிட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

சி இருப்பதாக விரல் நுனி இரத்தப் பரிசோதனை காட்டினால் அது முடிவல்ல. பழைய தொற்று தானாகப் போயிருந்தாலும் அப்படிக் காட்டும். வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது இரத்தப் பரிசோதனை வேண்டும். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தனியாரிடம் ஓடி, மருந்து விலையைக் கேட்டு நகையை அடகு வைக்க வேண்டாம். 2017இல் காப்புரிமைக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் சி வைரஸை ஒழிக்கும் சொஃபோஸ்புவிர் மருந்தை மலிவாக வாங்க அரசாங்கம் உரிமம் எடுத்தது. 2018 மார்ச்சிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சி சிகிச்சை இலவசம். பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை போதும், வைரஸ் போய்விடும். கல்லீரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் மட்டும் வைரஸ் போன பிறகும் கல்லீரலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனை நிறுத்தக் கூடாது.

பி அப்படி ஒழியாது. தெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும். தேவைப்படாதவர்களும் உண்டு, ஆனால் மாத்திரை வேண்டாம் என்பதும் கண்காணிப்பு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வயது, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய், கல்லீரல் இறுக்கம் இவற்றைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ‘நான் அதில் சேர்த்தியா?’ என்று நேராகக் கேளுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் நன்றாக இருக்கிறோம் என்று தாங்களாக நிறுத்தவே கூடாது. வைரஸ் சீறிக் கிளம்பும்.

நிபுணரிடம் போக அரசாங்க கிளினிக்கின் கடிதம் இருந்தால் முதல் முறை கட்டணம் இல்லை. தனியார் கிளினிக்கின் கடிதம் என்றால் 30 வெள்ளி. அடுத்தடுத்து 5 வெள்ளி. ஸ்கேன் தேதி தவறிப்போனால் யாராவது போன் செய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். என் மாமாவுக்கு 15 வருடமாக ஒரு போன் வரவில்லை. மறுநாளே தேதி எழுதிய அட்டையோடு போய் நில்லுங்கள். ‘சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க’ என்றால் அட்டையில் தேதியைப் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நோய் முற்றி வேலை பார்க்க முடியாமல் போனவர்கள் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இலாட் பென்சனுக்கு, அதாவது வேலை செய்ய இயலாதவர்களுக்கான பென்சனுக்கு விண்ணப்பியுங்கள். 60 வயதுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா கட்டியிருந்தால் சந்தா விஷயத்தில் தடை இல்லை. வேலையை விட்டுவிட்டு ‘உடம்பு தேறட்டும்’ என்று தள்ளிப்போட்டால் அந்தக் கணக்கு மாதாமாதம் தேயும். லோரியோ கிராப் வாடகைக் காரோ சொந்தமாக ஓட்டி, சுயதொழில் சந்தா கட்டுபவர்கள் கவனியுங்கள்: அது வேலையில் நேரும் விபத்துக்கும் வேலையால் வரும் நோய்க்கும்தான், இந்தப் பென்சன் அதில் வராது. நிபுணரின் மருத்துவ அறிக்கை கைக்கு வர நாளாகும், அதை முதலிலேயே கேட்டு வையுங்கள். மனு கொடுத்ததும் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.