வாடகைத்தாய் அனுமதியும் டெஸ்ட் டியூப் பேபி சட்டமும்: எதையும் எழுத்தில் வாங்குங்கள்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள் இரண்டு. ஒன்று செயற்கைக் கருத்தரிப்புக்கு, இன்னொன்று வாடகைத்தாய் முறைக்கு. இரண்டும் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வரலாறு இவ்வளவு போதும். கோவையிலிருந்து சேலம் வரை பைபாஸ் ஓரம் எங்கே திரும்பினாலும் கருத்தரிப்பு மைய விளம்பரம்தான். அதில் குழந்தை சிரிக்கும், வயது வரம்பு மட்டும் இருக்காது. அதனால் வயதிலிருந்து தொடங்குகிறேன்.

ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் பேபி), ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) எதுவானாலும் பெண் 21 வயதுக்கு மேல், 50-க்குள் இருக்க வேண்டும். ஆண் 21-க்கு மேல், 55-க்குள். எல்லாரும் மனைவியின் வயதையே கணக்குப் பார்க்கிறார்கள், கணவனுடையதை மறந்துவிடுகிறார்கள். நம் பக்கம் பெண் கிடைக்காமல் நாற்பதைத் தாண்டி, பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கோயில், நாட்டு மருந்து, கைராசி டாக்டர் என்று பத்து வருடம் ஓடிவிட்டு மையத்தின் படியேறும்போது மனைவிக்கு 38 இருக்கலாம். கணவனுக்கு 54 ஆகியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு மாதமும் கணக்குதான்.

அடுத்தது ஆதார். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அன்றைக்குக் குத்துமதிப்பாக 'ஜனவரி 1' என்று போட்டுவிட்டார்கள். நிஜ வயது 48, ஆதாரில் 50 என்றால் உங்கள் பேச்சு எடுபடாது. பிறந்த தேதியை ஆதாரில் ஒரு முறைதான் திருத்த முடியும், அதற்கும் ஆவணம் வேண்டும். ஆகவே சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்பே இதைச் சரிசெய்யுங்கள்.

இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நீங்கள் ஒவ்வொரு மேசையிலும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேரளாவிலிருந்து வந்த பெண்களுக்குக் காகிதங்கள் மலையாளத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கல்யாணப் பதிவு இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். இந்துத் திருமணச் சட்டப்படி எத்தனை வருடம் கழித்தும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். "லேட் ஆயிடுச்சு, இனி முடியாது" என்று சொன்னால், எந்தச் சட்டப்படி முடியாது என்று கேளுங்கள். தம்பதியாகச் சிகிச்சை எடுக்க முறையான கல்யாணம் வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணும் செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. இதைத் தெரிந்தும் "ஹஸ்பண்ட் வந்தாதான் டோக்கன்" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு.

மையத்துக்குள் போனால்

வரவேற்பறையில் பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், எந்த நிலை என்று பாருங்கள். லெவல் 1 என்றால் அங்கே ஐயூஐ வரைக்கும்தான். டெஸ்ட் டியூப் பேபி செய்ய லெவல் 2 பதிவு வேண்டும். கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடத்தி, லெவல் 1 இடத்தில் பதிவு செய்யவைத்து, அங்கிருந்து வேறெங்கோ வேனில் கூட்டிப்போவது ஒரு வழக்கம். கூட்டிப்போகும் இடத்தின் சான்றையும் கேளுங்கள்.

வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கர்ப்ப ஆபத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியது மையத்தின் கடமை. தத்தெடுக்கலாம் என்ற வழியையும் அவர்களே சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்ததும் என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு டிஸ்சார்ஜ் சான்று தர வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? 'பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொல்வார்கள். ஊசி மருந்து அதில் சேராது, கரு உறையவைக்கும் கட்டணம் சேராது, இரண்டாம் முறை வைப்பது சேராது. நகையை அடகு வைத்துக் கட்டிய பிறகுதான் இது தெரியும். எது சேரும், எது சேராது என்று அவர்களுடைய லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தை மயக்க மருந்து கொடுக்கும் நாளன்று காலையில் நீட்டுவார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். முந்தைய வாரமே நகல் வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மிச்சக் கருவை என்ன செய்வது என்ற பக்கத்தில் கட்டாயம் நின்று யோசியுங்கள். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கருவை உறையவைக்கக் கூடாது. அதிகபட்சம் 10 ஆண்டு வைத்திருக்கலாம். கருப்பைக்குள் வைக்கும் முன்பு வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

"பையனாவே பார்த்து வெச்சுத் தர்றோமுங்க" என்று யாராவது காதோடு சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம்: 5 முதல் 10 ஆண்டு சிறை அல்லது 10 முதல் 25 லட்சம் அபராதம், இல்லையென்றால் இரண்டும்.

கருமுட்டை

2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரோடு பல மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் கருமுட்டை எடுத்த வழக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். கைதானவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர். இத்தனைக்கும் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது: முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பெற்றுக்கொள்ளும் தம்பதி, கொடுப்பவருக்கு 12 மாத மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். கொடுப்பவரைப் பதிவுபெற்ற கருமுட்டை, விந்தணு வங்கிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

தறிப்பட்டறைப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. புரோக்கர் அம்மா "ஒரு தடவைதானே கண்ணு, ஆதாரை மட்டும் குடு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் ஆதாரில் வேறொருத்தியிடம் முட்டை எடுப்பார்கள், அல்லது வேறொருத்தியின் ஆதாரில் உங்களிடம் எடுப்பார்கள். வயிற்றில் நீர் கோத்து ஜிஎச்சுக்கு ஓடும்போது உங்கள் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. தம்பதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கொடுப்பவரின் பெயரை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அது சரி. ஆனால் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீதைக் கேட்கலாம். கேட்டாலே பாதி புரோக்கர்கள் காணாமல் போவார்கள்.

வாடகைத்தாய் அனுமதி: அலைச்சல் இங்கேதான்

பணம் வாங்கிக்கொண்டு பெற்றுத் தருவது இப்போது குற்றம். மருத்துவச் செலவும் காப்பீடும் சட்டம் சொன்ன மற்ற செலவும் தவிர எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்த தம்பதிக்கே முதல் முறை 5 ஆண்டு வரை சிறை. இதை எந்தப் புரோக்கரும் சொல்வதில்லை. 100 ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, "இதுதான் கவர்மென்ட் பர்மிஷன்" என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பத்திரம் எந்த அலுவலகத்திலும் செல்லாது.

யாருக்குத் தகுதி? மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55. உயிரோடு ஒரு குழந்தைகூட இருக்கக் கூடாது. தத்துக் குழந்தையும் கணக்கில் வரும். கடுமையான ஊனமோ உயிருக்கு ஆபத்தான நோயோ உள்ள குழந்தைக்கு மட்டும் விலக்கு, அதற்கும் மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அண்ணன் மகளை எடுத்து வளர்த்து, பள்ளிக்கூடத்துக்காக ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்திருப்பார்கள். தத்து ஆவணம் எதுவும் இருக்காது. கார்டைப் பார்த்த கிளார்க், "உங்களுக்குத்தான் குழந்தை இருக்கே" என்று மனுவைத் திருப்பித் தருவார். அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலை, பெற்றோர் பெயரோடு, முதல் நாளே மனுவில் இணைத்துவிடுங்கள்.

தனிப் பெண்களில் கணவனை இழந்தவரும் விவாகரத்தானவரும் மட்டும், அதுவும் 35 முதல் 45 வயதுக்குள், சொந்த முட்டையோடு விண்ணப்பிக்கலாம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டது விவாகரத்து ஆகாது. கோர்ட் தீர்ப்பு நகல் வேண்டும். தம்பதியில் ஒருவரின் முட்டையோ விந்தணுவோ பயன்படாது என்று மருத்துவக் குழு சான்று தந்தால், அந்த ஒன்றை மட்டும் தானமாகப் பெற 2024 பிப்ரவரி முதல் அனுமதி உண்டு.

சுமக்க முன்வரும் பெண் திருமணமானவராக, சொந்தக் குழந்தை உள்ளவராக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான். அவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்ப்பார்கள். சட்டத்தில் அப்படி இல்லை, விருப்பமுள்ள பெண் என்றுதான் இருக்கிறது. 35 வயது என்பது கருவை வைக்கும் நாளில் பார்ப்பது. உங்கள் வயதோ சான்று தரும் நாளில் பார்ப்பது. மனுப் போட்ட நாள் எதற்கும் கணக்கில்லை. சென்னிமலைப் பக்கத்துத் தம்பதி ஒன்று, மனைவியின் தங்கை சம்மதித்து, எல்லாம் கூடிவந்தது. கோப்பு மேசையிலேயே கிடந்து தங்கைக்கு 35 தாண்டிவிட்டது. தாமதம் செய்தவர்கள் யாருக்கும் ஒரு மெமோகூட வரவில்லை. ஆகவே 33, 34 வயதுப் பெண்ணை நம்பி இறங்கினால், மனுவின் முதல் பத்தியிலேயே அவர் வயதையும் அவசரத்தையும் எழுதுங்கள்.

இனி மேசைகள். முதலில் மாவட்ட மருத்துவக் குழு. நலப்பணிகள் இணை இயக்குநர் தலைமையில், மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் அதில் இருப்பார்கள். கருப்பை இல்லை அல்லது அகற்றப்பட்டது, பலமுறை ஐவிஎஃப் தோற்றது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்தது, கர்ப்பம் உயிருக்கே ஆபத்து, இவற்றில் ஒன்று என்று அவர்கள் சான்று தர வேண்டும். இரண்டாவது, முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றம். பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார் என்ற உத்தரவு. நீங்களும் சுமப்பவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். மூன்றாவது, சுமப்பவருக்கு 36 மாதக் காப்பீடு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் உரிய அதிகாரி அவசியச் சான்று தருவார். உங்களுக்கும் சுமப்பவருக்கும் தகுதிச் சான்று தனித்தனி.

இதில் என்ன கூத்து என்றால், ஜேடி (இணை இயக்குநர்) ஆபீஸில் "கோர்ட் ஆர்டர் கொண்டாங்க" என்பார்கள், கோர்ட்டில் "மெடிக்கல் போர்டு சான்று எங்கே" என்பார்கள், காப்பீட்டுக்காரர் "இப்படி ஒரு பாலிசியே இல்லீங்களே" என்பார். மருத்துவச் சான்றுதான் முதலில். கோர்ட் உத்தரவைக் காட்டினால்தான் குழு கூடும் என்று சட்டம் சொல்லவில்லை. குழு கூடாததற்கு ஒரு மகப்பேறு மருத்துவர் லீவு, ஐயா கலெக்டர் மீட்டிங் என்று காரணம் வரும். கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவுத் தபால், பட்டுவாடா ஒப்புகையோடு. அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு, முதல்வரின் உதவி எண் 1100-க்கு ஒரு அழைப்பு. மாதம் ஒன்று தாண்டினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் மனு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று கேளுங்கள். பல கோப்புகள் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் எழுந்து நடந்திருக்கின்றன.

இதைவிட முக்கியமானது ஒன்று. சான்று மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த 30 நாள், மறுப்பு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. அதனால்தான் மறுப்பை எழுத்தில் தர மாட்டார்கள். "முடியாதுங்க, ரூல்ஸ் இல்லீங்க" என்று வாயால் சொல்லி அனுப்பினால் மேல்முறையீட்டுக்கு எதை வைப்பீர்கள்? "ஏனுங்க, காரணத்தை எழுதிக் குடுத்திருங்க" என்று பணிவாக, ஆனால் இடத்தை விட்டு நகராமல் கேளுங்கள். சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே கருவை உறையவைத்து வாடகைத்தாய் முறையைத் தொடங்கியவர்களுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தீர்ப்பு நகலை மனுவோடு சேர்த்தே கொடுங்கள். அலுவலகத்தில் அது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

காப்பீட்டு அட்டையும் 18,000 ரூபாயும்

முதல்வர் காப்பீட்டு அட்டையில் டெஸ்ட் டியூப் பேபி செய்துதருவதாக ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். அதோடு இணைந்த ஆயுஷ்மான் பாரத்தின் விலக்குப் பட்டியலில் செயற்கைக் கருத்தரிப்பு இருக்கிறது. காப்பீட்டு கவுன்ட்டரில் முன் அனுமதி எழுத்தில் வந்தால் மட்டும் பேசுங்கள். அரசு கருத்தரிப்பு மையம் என்று முதலில் அறிவித்தது சென்னை எழும்பூருக்கும் மதுரைக்கும்தான். இத்தனை தனியார் மையங்கள் இருக்கும் கொங்குப் பக்கத்துக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.

ஐவிஎஃப்பில் உண்டான கர்ப்பமும் கர்ப்பம்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ள பெண்ணுக்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு காலம்) 70 நாள் சந்தா இருந்தால், மற்றவர்களைப் போலவே 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வாடகைத்தாய் வழியாகச் சொந்த முட்டையில் குழந்தை பெற்றவருக்கு, குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம்.

கரு நின்றதும் பலரும் தனியார் மையத்திலேயே மூன்று மாதம் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் கெடு போய்விடும். ஏழைக் குடும்பங்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள திட்டம் அது. 12 வாரத்துக்குள் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிய வேண்டும். தனியாரில் பார்த்துக்கொண்டாலும் பதியலாம். அவர் தரும் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) இல்லாமல் நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும். ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த வாரமே ஆதார், வங்கிப் புத்தக நகலோடு போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். செவிலியர் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில்.