ஜில்லா, மாவட்டம், மண்டலம்: எல்லையோரத்து மூன்று சொற்கள்

போன வருடம் தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகையைத் திருத்தணியில் ஒரு அச்சகத்தில் கொடுத்திருந்தோம். நாங்கள் ஆந்திராவில் இருக்கும் புத்தூர்க்காரர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அதனால் பத்திரிகையும் இரண்டு மொழியில். மெய்ப்பு வந்தது. தெலுங்குப் பக்கம் சரியாக இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் முகவரி மட்டும் மாறியிருந்தது. நான் எழுதிக் கொடுத்தது 'புத்தூர் மண்டலம், திருப்பதி ஜில்லா'. அச்சில் வந்தது 'திருப்பதி ஜில்லா, புத்தூர் மண்டலம்'. போன் செய்து கேட்டேன். "மண்டலம்தானேங்க பெருசு? அதான் கடைசியில போட்டேன்" என்றார் அந்தத் தம்பி.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு மண்டலம் பெரியதுதான். வட மண்டல ஐ.ஜி. என்றால் பல மாவட்டங்களுக்கு அதிகாரி. ஆந்திராவில் அதே சொல் ஜில்லாவுக்குள் அடங்கிய சின்னத் துண்டு. ஒரே சொல், ரயிலில் சில நிலையங்கள் தாண்டினால் அளவு மாறிவிடுகிறது. அன்றிலிருந்து இந்தச் சொற்களைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் ஜில்லா. இது அரபியில் பிறந்தது. அங்கே இதன் மூலச்சொல்லுக்கு விலா எலும்பு என்று பொருள். அப்புறம் பக்கம், முக்கோணம் சதுரம் போன்ற வடிவங்களின் ஒரு பக்கம். பாரசீகம், உருது வழியாக நிர்வாகச் சொல்லாகி, ஆட்சிப் பரப்பின் ஒரு பகுதியைக் குறிக்க ஆரம்பித்தது. நம்மிடமும் இதே பார்வை உண்டு. விலா எலும்பு என்கிறோம், விலாப்புறம் என்று பக்கத்தையும் சொல்கிறோம். உடம்பை வைத்துத்தான் மனிதன் இடத்தை அளந்திருக்கிறான் போல. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தச் சொல் தெற்கே நிலைத்தது. தெலுங்கில் ஜில்லா, மலையாளத்தில் ஜில்ல, தமிழிலும் ஜில்லாதான். ஜில்லா போர்டு, ஜில்லா கலெக்டர் என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். தனித்தமிழில் எழுத நினைத்தவர்கள் ஜகரத்தை மட்டும் மாற்றிச் 'சில்லா' என்று எழுதிப் பார்த்தார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுத்தை மாற்றினால் சொல் தமிழாகிவிடாது.

எங்கள் வீட்டில் ஜில்லா என்ற சொல் அடிக்கடி அடிபட ஆரம்பித்தது 2022-இல். அந்த வருடம் ஏப்ரல் 4 அன்று ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு மாவட்டம் என்பது கணக்கு. தொகுதிகள் 25, அரக்கு மட்டும் மிகப் பரந்தது என்பதால் இரண்டானது. அப்படி வந்ததுதான் திருப்பதி மாவட்டம். பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் துண்டுகளை எடுத்துச் சேர்த்தார்கள். ஜனவரியில் வந்த வரைவில் ஸ்ரீ பாலாஜி மாவட்டம் என்று பெயர் போட்டிருந்தார்கள். முடிவான அறிவிப்பில் திருப்பதி என்றே நின்றது. ஊர்ப்பெயரே மாவட்டப் பெயரானதில் எனக்குச் சந்தோஷம். அமைந்தபோது திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, கூடூர், சூலூர்ப்பேட்டை என்று நான்கு வருவாய்க் கோட்டங்கள், 34 மண்டலங்கள். 2011 கணக்குப்படி மக்கள் தொகை சுமார் 22 லட்சம். மேற்கே ஏழுமலை, கிழக்கே பழவேற்காடு ஏரி, அதையும் தாண்டி ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

எங்கள் ஊர் விஷயம் கொஞ்சம் தனி. புத்தூரும் நகரியும் ஒரே சட்டமன்றத் தொகுதி. தொகுதிக் கணக்குப்படி பார்த்தால் இரண்டும் சித்தூரிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதிக்கு வந்தன, நகரி சித்தூரிலேயே நின்றது. எங்களுக்குத் திருப்பதி கிட்ட, சித்தூர் தூரம். அதனால் இது நல்லதுதான். அம்மா மட்டும் இன்றைக்கும் யாராவது கேட்டால் "சித்தூர் ஜில்லா" என்றுதான் சொல்வார். பிறந்ததிலிருந்து சொன்னதை ஒரு அரசாணை வந்ததும் நாக்கு விட்டுவிடுமா?

அந்தச் சித்தூர் ஜில்லாவும் ஒரு காலத்தில் புதிதுதான். 1911 ஏப்ரல் 1 அன்று, சென்னை ராஜதானிக்குள், பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து உண்டாக்கியது. ராஜதானிக்கு இன்னொரு பெயர் மாகாணம். மாகாணம் என்பது பல ஜில்லாக்களை அடக்கியது, இலங்கையில் இன்றும் அப்படித்தான். புது மாவட்டத்தைப் 'புது மாகாணம்' என்று எழுதுவது பிழை. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அதுவரை அச்சகத்துத் தம்பியின் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே ஜில்லா.

இனி மாவட்டம். மா என்றால் பெரிய; மாநிலம், மாநகரம் என்பதில் வருகிற அதே மா. நிலம் அளக்கிற மா வேறு. வட்டம் என்பது தாலுகா. தாலுகாவும் அரபிதான், தொடர்பு, சார்ந்திருப்பது என்று பொருள். பல வட்டங்களை அடக்கிய பெரிய வட்டம் மாவட்டம். வட்டத்துக்குள் குறுவட்டம், அதைத்தான் பிர்கா என்கிறோம். குறுவட்டம், வட்டம், மாவட்டம் என்று ஒரே வேரிலிருந்து படிப்படியாக ஏறுகிற இந்த அழகு ஜில்லா, தாலுகா, பிர்கா என்ற மூன்றிலும் இல்லை. அவை மூன்றும் தனித்தனிச் சொற்கள், எது பெரியது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. வட்டம் வடமொழி விருத்தத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வளை, வளையம், வட்டு, வட்டில் என்று தமிழில் இத்தனை உறவுகள் இருக்கும்போது எனக்கு அது தமிழ்ச் சொல்லாகவே தெரிகிறது.

மண்டலம் வடமொழிதான். அதற்கும் வட்டம் என்றே பொருள்! மாவட்டத்துக்குள் மண்டலம் என்றால், பெரிய வட்டத்துக்குள் ஒரு வட்டம். சித்த வைத்தியர் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொன்னால் 48 நாள்; அங்கே அது நாட்களின் சுற்று. ஆனால் சோழர் காலத்தில் மண்டலம்தான் எல்லாவற்றிலும் பெரிய பிரிவு. எங்கள் பகுதி முழுவதும் தொண்டை மண்டலம். அதில் 24 கோட்டங்கள் என்பது வழிவழி வந்த கணக்கு. கோட்டத்துக்குள் நாடு, நாட்டுக்குள் ஊர். 1985-இல் என்.டி.ராமாராவ் ஆட்சி தாலுகாக்களை உடைத்துச் சிறு பிரிவுகளாக்கி மண்டலம் என்று பெயர் வைத்தது. பெரிய நிலப்பரப்பையே குறித்த சொல், அன்று முதல் கொஞ்சம் கிராமங்களுக்குப் பெயராகிவிட்டது. இன்றும் எங்கள் பக்கம் தாசில்தார் ஆபீஸை 'எம்.ஆர்.ஓ. ஆபீஸ்' என்பார்கள், மண்டல் ரெவின்யூ ஆபீஸர் என்பதன் சுருக்கம். அந்த எம் மண்டலம்தான்.

கோட்டம் மட்டும் அதிகம் தேயவில்லை. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டம் என்று மாவட்டத்துக்கு அடுத்த படியில் இன்றும் இருக்கிறது.

இந்தத் தேடலில் என்னை நிறுத்திவைத்தது ஒரே ஒரு ஊர்தான். புது மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸைத் திருச்சானூரில், பக்தர்கள் தங்குவதற்காகக் கட்டிய பத்மாவதி நிலையத்தில் வைத்தார்கள். அந்தத் திருச்சானூரைப் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சுகனூர் என்று எழுதுகின்றன. கோட்டம், நாடு, ஊர் என்று பெரியதிலிருந்து சிறியதாக, முழு முகவரி. மனுக் கொடுக்க வருகிறவர்கள் இன்று ஊர், மண்டலம், ஜில்லா என்று தலைகீழ் வரிசையில் எழுதுகிறார்கள். அதே மண்ணில் நின்றுதான்.

தமிழில் எழுதும்போது ஜில்லாவுக்கு மாவட்டம் என்றே எழுதலாம், தயக்கம் வேண்டாம். பேச்சில் ஜில்லா இருந்துவிட்டுப் போகட்டும், அது எங்கள் ஊர் வாய்மொழி. ஆந்திர மண்டலத்துக்கு, தாசில்தார் இருக்கிற பிரிவு என்பதால், கட்டுரையிலும் செய்தியிலும் வட்டம் என்று போடுவதே பொருந்தும். முகவரியில் மட்டும் அதன் அரசுப் பெயரையே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தபால் வந்து சேராது.

பத்திரிகையில் கடைசியாக 'புத்தூர் மண்டலம், திருப்பதி மாவட்டம்' என்று போட்டோம். அச்சகத்துத் தம்பிக்குக் குடவூர் நாட்டுக் கதையைப் போனிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப முதல்ல நான் போட்ட வரிசை கல்வெட்டு வரிசைங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.