பழைய கேலிச்சித்திரங்களை நூலகத்தில் மாட்டும் முன்

பழைய தாள்களைப் பராமரிப்பது என் தொழில். பாளையங்கோட்டைப் பக்கம் நூலகக் கூடத்தில் படக் கண்காட்சி வைக்க நினைப்பவர்கள், எந்தச் சட்டம் நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: படம் அசலா, நகலா? வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் செதுக்குப் படங்களையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் 1751-இல் ‘ஜின் சந்து’, ‘பீர் வீதி’ என்று ஒரு ஜோடி வெளியிட்டார். ஜின் என்பது ஒரு கடும் சாராயம். செப்புத்தகட்டில் கோடு கீறி, மை தேய்த்து, தாளில் அழுத்தி எடுத்தவை. படம் ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். ஜின் சந்தில் போதையேறிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. தச்சன் ரம்பத்தை அடகு வைக்கிறான், ஒரு பெண் சமையல் பாத்திரத்தை. அந்தச் சந்தில் செழிப்பது அடகுக்கடைதான். பீர் வீதியிலோ நொடித்துப்போன அடகுக்கடைக்காரர் கதவிலுள்ள சிறு துவாரம் வழியாகப் பீர் வாங்கிக்கொள்கிறார். கேலி முழுக்க இப்படி நுணுக்கத்தில்தான் இருக்கிறது. கிட்டே போய் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

அதற்காக விளக்கைக் கூட்டினால் தாள் போய்விடும். வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக் கூடாது என்பது தாள் படங்களுக்கான பொது வழக்கம். நம்மூர்ச் சித்திரை வெயிலில் திறந்த ஜன்னலுக்கு எதிரே அசலை மாட்டவே கூடாது. அசலைச் சில வாரம் மங்கலான மூலையில் வையுங்கள். பெரிதாக்கிய நகலை நல்ல வெளிச்சத்தில் மாட்டி, பிள்ளைகள் விரல் வைத்துப் பார்க்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சுவரை ஒட்டி மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். செலோடேப்பும் லேமினேஷனும் அசலுக்கு ஆகவே ஆகாது. டேப்பின் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிய படங்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

அப்புறம், விளக்க அட்டை. ஜின் சந்தை மட்டும் மாட்டி ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஹோகார்த் குடியையே விடச் சொல்லவில்லை. ஜின்னைச் சாடி, பீரைப் புகழ்ந்தார். ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ‘இந்தியா’ இதழில் கேலிச்சித்திரம் வெளியிட்ட பாரதி பிறந்த சீமை இது. இங்குள்ள வாசகர்களுக்கு முழு விவரத்தையும் சொல்லலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். அட்டையைப் படத்துக்கு மேலே வைக்காமல், பார்த்து முடித்து நகரும் இடத்தில் வையுங்கள்.