வெடித்த கோது எல்லாம் வெறுங்கோது அல்ல

எழுதுமட்டுவாளில் ஒரு வளவு. போர்க்கால முகமாலை முன்னரங்குக்குப் பின்னால் வருடக்கணக்காகப் பற்றை மூடிக் கிடந்த காணி. எழுபதைத் தாண்டிய உரிமையாளர் ஐயா, காவோலையையும் பற்றையையும் குவித்து நெருப்பு வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ‘படார், படார்’ என்று இரண்டு சத்தம். தகவல் வந்து நான் போனபோது படலையடியில் நின்றார்.

“தம்பி, ஆரோ சுடுறாங்கள். பொலிசுக்குச் சொல்லட்டோ?”

பொலிசுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவரும் சுட்டிருக்கவில்லை என்பது அடுத்த நாள் சாம்பலைப் பார்த்ததும் தெரிந்தது. அவித்த பனங்கிழங்கைக் கிழித்ததுபோல நீளவாக்கில் பிளந்த இரண்டு இரும்புக் கோதுகள்: துப்பாக்கி ரவையின் மருந்தை அடைத்திருக்கும் உறைகள். அதிலொன்றின் அடி என் பக்கம் திரும்பிக் கிடந்தது. அடியின் நடுவில் சின்னப் பொட்டுப்போல இருந்து, துப்பாக்கியின் ஊசி குத்தியதும் மருந்தைக் கொளுத்தும் பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இல்லை. துப்பாக்கியால் சுட்டிருந்தால் அந்தப் பள்ளம் இருந்தே ஆகவேண்டும். பக்கத்தில் கிடந்த சன்னமும், அதாவது ரவையின் முனையிலிருந்து பறந்துபோகும் குண்டும், வழவழப்பாக இருந்தது. டி-56 துப்பாக்கிக் குழலுக்குள்ளால் போன சன்னத்தில் நான்கு சாய்ந்த தவாளிப்புகள் பதிந்திருக்கும்.

துப்பாக்கிக்குள் ரவை வெடிக்கும்போது கோதைச் சுற்றி உருக்குச் சுவர் இருக்கிறது. டி-56 ரவையில் அழுத்தம் ஏறத்தாழ 3,500 வளிமண்டலம் வரை போகலாம். கார் டயரில் இரண்டு சொச்சம்தான். அவ்வளவையும் தாங்குவது அந்தச் சுவர். கோது அதில் அப்பி வாயு பின்னால் வராமல் அடைக்கும், அவ்வளவுதான். நெருப்புக்குள் அந்தச் சுவர் இல்லாதபடியால் அழுத்தம் ஏறமுதலே கோது கிழிந்துவிடும். சன்னம் பெரிய வேகம் எடுக்காது. பிரைமரும் கிழிந்த துண்டுகளும்தான் பறக்கும். ஒரு கண்ணைப் பறிக்க அது போதும்.

சுட்ட கோதும் சில வேளை பழுதாகியிருக்கும். பழைய காவலரண்களில் அடி மட்டும் கழன்று விழுந்த கோதுகளைக் கண்டிருக்கிறேன். அடியிலிருந்து சற்று மேலே, வளையம்போல, கத்தியால் வெட்டியதுபோல அறுந்திருக்கும். பெரும்பாலும் அது ரவையின் குற்றமல்ல: துப்பாக்கி தேய்ந்து, கோதின் அடிக்குப் பின்னால் இடைவெளி கூடிப்போய், கோது இழுபட்டு அறுகிறது. பிரைமர் தட்டையாகிப் பிதுங்கியிருந்தால் அழுத்தம் மிஞ்சியதா என்று யோசிக்கவேண்டும். இதெல்லாம் படித்தவன் மேசையில் வைத்துப் பார்க்கும் விசயம்; வளவில் குந்தியிருந்து பார்ப்பதற்கல்ல.

எனக்கு உண்மையில் பயமூட்டியது சாம்பலுக்குள் கிடந்தவை அல்ல, ஐயாவின் குசினி யன்னலில் நின்றதுதான். பேரன் எடுத்துவைத்த, நீளமான பித்தளை ரவை ஒன்று. கழுத்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு.

“அது வெடிச்சுப்போச்சுத் தம்பி, பயமில்லை.”

எங்கள் மொழியில் சுவரும் வெடிக்கும், குண்டும் வெடிக்கும். அந்த ஒரு சொல்லில்தான் ஐயா ஏமாந்தார். சன்னம் அப்படியே இருந்தது. பிரைமரில் பள்ளம் இல்லை. உள்ளே மருந்து இருந்தது.

“எங்கை ஐயா எடுத்தது?”

“பழைய மாட்டுக்கொட்டில் பிரிக்கேக்கை, கூரைக்குள்ளை சொருகிக் கிடந்தது.”

மாட்டுக்கொட்டில் என்றதும் காரணம் பிடிபட்டது. ரவைக்கோதுப் பித்தளையில் செம்பு 70 பங்கு, நாகம் (துத்தநாகம்) 30 பங்கு. தகட்டை இழுத்து இழுத்துக் கோதாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். கழுத்து சன்னத்தை வேறு கவ்விப் பிடித்திருக்கிறது. இதற்காகவே தொழிற்சாலையில் கழுத்தைச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். பல இராணுவ ரவைகளின் கழுத்தில் தெரியும் மங்கல் நிறம் அந்தச் சூட்டின் தழும்பு. தளர்வு போதாத பித்தளையில் ஈரமும் அமோனியாவும் பட்டால், ஒருவரும் தொடாமலே கீறல் விழும். மாட்டு மூத்திரத்திலிருந்து வருவது அதே அமோனியாதான். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைக்கும் இதே தலையிடி: மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த ரவைகள் தாமாகவே கீறிப் போயின. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கமாக எழுதினார்கள்.

கீறல் விழுந்ததால் ரவை செத்துவிடாது. ஈரம் போய் மருந்து கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எனக்கும் சொல்ல முடியாது. பிரைமர் தனியாகவே ஒரு வெடிபொருள். பித்தளைக்கு விலை வருமென்று சுத்தியலால் தட்டிச் சன்னத்தைக் கழற்றப் பார்ப்பவர்கள் தட்டுவது அதைத்தான். பிரைமரில் பள்ளம் இருந்தும் சன்னம் போகாமல் இருந்தால் இன்னும் மோசம்: ஊசி குத்தியும் வெடிக்காத ரவை அது.

காணி துப்புரவாக்குகிறவர்கள் குப்பைக்கு நெருப்பு வைக்க முதல் கிளறிப் பார்க்காதீர்கள். சுற்றி நின்று கண்ணால் பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் நெருப்பு வேண்டாம். எடுக்காமல், புதைக்காமல், கிணற்றில் போடாமல், தூரத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு 119க்கு அழையுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரவையை வீட்டில் வைத்திருப்பது குற்றமும்கூட. காணியில் கண்டதைச் சொல்வது குற்றமல்ல.

அன்று பொலிஸ் வரும்வரை எல்லோரையும் வீட்டுக்கு வெளியே, வேலியோரம் கூட்டிக்கொண்டு போனேன். பேரன் பள்ளிக்கூடத்தால் அப்போதுதான் வந்தான். ஆட்களைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்:

“மாமா, இன்னொண்டு என்ரை கொம்பாஸ் பெட்டிக்குள்ளை கிடக்கு.”

புத்தகப்பை அவன் தோளில் இருந்தது.