சின்ன டிரக்குக்குப் பெரிய மோட்டார் வேண்டாம்

“பிறந்தநாள் பரிசாக வந்த 1/24 அளவு ரிமோட் டிரக், புத்தக அடுக்கின் மேல் ஏறப் பார்க்கும்போதெல்லாம் மல்லாந்து விழுகிறது. அதிகம் செலவழிக்காமல் எதை மாற்றினால் ஏறும்? வலுவான மோட்டார் போடலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24, 2022-இல் வெளிவந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் போன்ற, கல்லிலும் பாறையிலும் மெதுவாக ஊர்ந்து ஏறும் கிராலர் வகை வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை மோட்டார்தான். ஆனால் மல்லாந்து விழும் வண்டிக்கு விசை குறைவில்லை. விசை குறைவாக இருந்தால் அது பாதியில் நின்றிருக்குமே தவிர, முன்சக்கரம் தூக்கி மல்லாந்திருக்காது. மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால், அடுத்து உடைவது அச்சுக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரங்களாக இருக்கும்.

முதற்செலவு டயருக்கு. நிஜ ஜீப் ஒன்றின் எடை ஏறத்தாழ 1,900 கிலோ என்று கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 24-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், கன அளவு 13,824-இல் ஒரு பங்காகிவிடும். எனவே எடை வெறும் 137 கிராம். டயர் தரையைத் தொடும் பரப்போ 576-இல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆக, தரையின் மீதான அழுத்தம் 24-இல் ஒரு பங்காகிறது. பொம்மைகள் இந்தக் கணக்கைவிடக் கனமாகவே செய்யப்படுகின்றன என்றாலும், நிலைமை பெரிதாக மாறுவதில்லை. வண்டி சுருங்கினாலும் ரப்பரின் கெட்டித்தன்மை சுருங்குவதில்லை. ஆகவே நிஜ ஜீப்பின் டயர் பாறையின் மேல் பிதுங்கிப் படிந்து அதைக் கவ்வும் இடத்தில், பொம்மையின் டயர் மரக்கட்டையைப் போல விறைத்து நிற்கிறது. மென்மையான ரப்பர் டயர்களை வாங்குவது இதற்கு ஒரு வழி. காசில்லாத வழியும் உண்டு: டயருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, ஆங்காங்கே முக்கோணத் துண்டுகளாக வெட்டி நீக்கிவிட்டுத் திரும்பச் செருகினால், அதே டயர் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமுங்கத் தொடங்கும். ரிம்மோடு டயர் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் இது எளிதல்ல.

அடுத்தது எடை. ஓட்டப்பந்தய வண்டியில் எடையைக் குறைக்கிறார்கள், கிராலரிலோ காசு கொடுத்துக் கூட்டுகிறார்கள் என்பது முதன்முறை கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் எடையை எவ்வளவு கூட்டுகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதே இங்கு முக்கியம், அதைப் பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டே கண்டுவிடலாம்.

வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோடு நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே போன கணமே கவிழும். 250 கிராம் எடையுள்ள ஒரு வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 134 மில்லிமீட்டர் தூரம் இருக்கிறது, ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 70 மி.மீ. முன்னாலும், தரையிலிருந்து 40 மி.மீ. உயரத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது அது பின்பக்கம் கவிழும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, 70-ஐ 40-ஆல் வகுத்தால் கிடைப்பது. கோணம் ஏறத்தாழ 60 பாகை. பக்கவாட்டில், நடுக்கோட்டிலிருந்து சக்கரத்துக்கு 42 மி.மீ. என்றால், கவிழும் கோணம் 46 பாகை.

இப்போது 60 கிராம் பித்தளையை முன் அச்சில், தரையிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் பொருத்துவோம். ஈர்ப்பு மையம் 37 மி.மீ. உயரத்துக்கு இறங்கி, பின் அச்சிலிருந்து 82 மி.மீ. தூரத்துக்கு முன்னேறிவிடுகிறது. பக்கவாட்டில் கிடைக்கும் லாபம் இரண்டு பாகைதான், ஆனால் ஏற்றத்தில் 60 பாகை 66 ஆகிறது. எடை கீழே இறங்கியதால் கிடைத்த நன்மையைவிட முன்னே போனதால் கிடைத்த நன்மையே பெரிது என்பதைக் கவனியுங்கள். கவர்ச்சிக்காகக் கூரையில் 90 மி.மீ. உயரத்தில் பொருத்தும் லக்கேஜ் கேரியரும் விளக்குகளும் வெறும் 20 கிராம் இருந்தாலே, பக்கவாட்டுக் கோணம் மறுபடி 46-க்கே இறங்கிவிடுகிறது. அச்சில் 60 கிராம் வைத்துச் சம்பாதித்ததைக் கூரையின் 20 கிராம் தின்றுவிடுகிறது! நம் ஊர் லாரிகளின் முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிறார்களே, அது திருஷ்டியைப் போக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கட்டும் இடம் என்னவோ இந்தக் கணக்கின்படி மிகச் சரியான இடம்.

பித்தளையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை ஏறத்தாழ எட்டரை கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். சக்கரத்துக்குள் விரலளவு இடமே இருக்கும் வண்டியில் இந்த வேறுபாடு பெரிது. அப்படியிருந்தும் சிவப்பும் நீலமுமாகச் சாயமேற்றிய அலுமினிய உதிரிகளைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். மோதும்போது பிளாஸ்டிக் வளைந்து நிமிர்ந்துவிடும். அலுமினியமோ வளையாமல் அந்த அடியை அடுத்த பாகத்துக்குக் கடத்திவிடும். பளபளப்பு வலிமை தரும் என்பதும் ஒருவகை மூடநம்பிக்கைதான், எலுமிச்சையைவிட விலை கூடுதலானது.

பித்தளை உதிரிகளுக்கும் பணம் இல்லையென்றால், கார் டயர்க் கடைகளில் வீல் பேலன்ஸ் செய்ய ஒட்டும் 5 கிராம், 10 கிராம் துண்டுகளை வாங்கி, முன் ரிம்களின் உட்புறத்தில் ஒட்டலாம். சுழலும் பாகத்தில் எடை கூடினால் வேகமெடுப்பது தாமதமாகும் என்பது உண்மையே, ஆனால் ஆமை வேகத்தில் ஊரும் வண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல. துண்டு ஈயமாக இருந்தால் கையைக் கழுவிவிடுங்கள், சிறுபிள்ளைகளிடம் தராதீர்கள். அதற்கும் முன்னால், பேட்டரி எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதை முன்னும் கீழுமாக நகர்த்த முடிந்தால், ஒரு பைசா செலவில்லாமல் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பலகை, ஒரு பாகைமானி, இந்த வண்டி ஆகிய மூன்றும் இருந்தால் ஈர்ப்பு மையப் பாடத்தை வகுப்பில் கண்ணெதிரே காட்டிவிடலாம். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் தூசு படியும் ஆய்வகக் கருவிகளுக்குச் செலவிடும் தொகையில் சிறு பங்கு இதற்குப் போதும் என்பது என் எண்ணம்.

இனி, முன்பக்கம் எடை கூட்டுவதன் பாதகங்களையும் சொல்லியாக வேண்டும். முன்சக்கரங்கள் கனத்தால், அவற்றைத் திருப்பும் சிறிய சர்வோ திணறும். ஆகவே டயருக்கும் எடைக்கும் பிறகு மிச்சமிருக்கும் பணம் வலுவான சர்வோவுக்குப் போக வேண்டும், மோட்டாருக்கு அல்ல. இறக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நேராக இறங்கும்போது முன் அச்சே சுழல்புள்ளியாவதால், எடை சேர்ப்பதற்கு முன்பு 58 பாகை வரை கவிழாமல் இறங்கிய அதே வண்டி இப்போது 54 பாகையிலேயே குட்டிக்கரணம் அடிக்கும். அவ்வளவு செங்குத்தான இடம் வந்தால் வண்டியைத் திருப்பி, கனத்த முகம் மேட்டைப் பார்த்திருக்கும்படி, ரிவர்ஸில் இறக்குங்கள்.