ஆள்வணிகம்: ‘கடத்தல்’ என்று எழுதுவது ஏன் தவறு

ஆண்டுதோறும் பிப்ரவரி 8, ஜூலை 30 ஆகிய இரண்டு தேதிகளிலும் தமிழ்ச் செய்திகளில் ஒரே தலைப்பைப் பார்க்கிறேன்: ‘மனிதக் கடத்தலுக்கு எதிரான நாள்’. முதல் தேதி கத்தோலிக்கத் திருச்சபை 2015 முதல் கடைப்பிடிக்கும் இறைவேண்டல் நாள். இரண்டாவது ஐ.நா. அறிவித்த நாள். இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் உள்ள சொல் ‘டிராஃபிக்கிங்’. அதைக் கண்டதும் நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை தானாகவே ‘கடத்தல்’ என்று எழுதிவிடுகிறது. அண்மையில் படித்த ஓர் அறிக்கையில் இப்படி ஒரு வரி: ‘நம்பிக்கை அடிப்படையிலான அமைப்புகளும் ராஜதந்திரிகளும் மனிதக் கடத்தலை எதிர்கொள்ளக் கைகோத்துள்ளனர்’. அந்த ஒரே வரியில் மூன்று சொற்கள் என்னை உறுத்தின. மற்ற இரண்டை அப்புறம் பார்க்கலாம். ‘கடத்தல்’தான் உண்மையிலேயே கேடு செய்வது.

‘டிராஃபிக்கிங்’ பிறந்த கதை சுருக்கமானது. இத்தாலிய மொழியின் ‘டிராஃபிக்கோ’, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் வணிகர்கள் புழங்கிய சொல். பொருள் வணிகம், கொடுக்கல் வாங்கல். அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சாலையில் நாம் திட்டித் தீர்க்கும் ‘டிராஃபிக்’கும் இதே சொல்தான், சரக்கு போய்வருவதைக் குறித்தது, பிறகு வண்டிகள் போய்வருவதைக் குறித்தது. ஆக, பிறப்பிலும் சரி, சட்டத்திலும் சரி, அந்தச் சொல்லின் நடுவில் இருப்பது வியாபாரம்.

இப்போது ‘கடத்தல்’. ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக்குவது. மின்சாரத்தைக் கடத்தும் கம்பியும், வேலை செய்யாமல் பொழுதைக் கடத்துவதும் இதிலிருந்து வந்தவையே. குற்றச் செய்திகளில் இதற்கு இரண்டு பொருள் நிலைத்துவிட்டது. தங்கம், சந்தனக்கட்டை, செம்மரம் என்றால் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கொண்டுபோவது. ஆள் என்றால் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போவது. ‘தொழிலதிபர் கடத்தல்’, ‘பள்ளிச் சிறுவன் கடத்தல்’ என்று செய்தி வந்தால் எந்தத் தமிழருக்கும் விளக்கம் வேண்டாம். விமானத்தைக் கடத்தினாலும் இதே சொல்தான். ஏற்கெனவே இத்தனை குற்றங்களைச் சுமக்கும் ஒரு சொல்லின் தலையில் இன்னொன்றையும் ஏற்றிவிட்டோம். அதுவோ இவற்றோடு சேராதது.

ஏன் சேராதது? 2000 நவம்பர் 15 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, ‘டிராஃபிக்கிங்’ எது என்று வரையறுக்கும் பலர்மோ நெறிமுறையைப் பாருங்கள். அது மூன்று கூறுகளைக் கேட்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது ஆகிய செயல்களில் ஏதாவது ஒன்று. மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற ஒரு வழி. சுரண்டல் என்ற நோக்கம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் நடுவில் உள்ள ‘வழி’யையும் நிரூபிக்கத் தேவையில்லை. எல்லை தாண்ட வேண்டும் என்று அதில் இல்லை. பலவந்தமாகத் தூக்கிப்போக வேண்டும் என்றும் இல்லை. ஒருவர் ‘சரி, வருகிறேன்’ என்று சொல்லிக் கிளம்பியிருந்தாலும், ஏமாற்றிப் பெற்ற சம்மதம் செல்லாது.

அதே நாளில் ஏற்கப்பட்ட இன்னொரு நெறிமுறையும் உண்டு. குடியேறிகளைக் காசு வாங்கிக்கொண்டு தரை, கடல், வான் வழியாகக் கள்ளத்தனமாக எல்லை தாண்டிவிடுவதைப் பற்றியது அது. அதற்குத்தான் ‘ஆட்கடத்தல்’ என்ற சொல் அச்சாகப் பொருந்தும். அங்கே குற்றம் அரசின் எல்லைக்கு எதிரானது. கரை சேர்ந்ததும் தரகருக்கும் பயணிக்கும் உள்ள கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடும். ‘டிராஃபிக்கிங்’கில் குற்றம் மனிதருக்கு எதிரானது. போய்ச் சேர்ந்த பிறகுதான் கொடுமையே தொடங்கும். ஒரு தூதரக அலுவலருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. முதல் வகையில் வந்தவரை ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். இரண்டாவது வகையில் சிக்கியவருக்குப் பாதுகாப்பும் மருத்துவமும் சட்ட உதவியும் தர வேண்டும். இரண்டையும் ‘ஆட்கடத்தல்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எந்தக் கோப்பைத் திறப்பார்?

2022இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் சிக்கினார்களே, அவர்களை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று முகவர் சொன்னதை நம்பி, சொந்தக் கடவுச்சீட்டில் விமானம் ஏறினார்கள். பெற்றோர்தான் வழியனுப்பி வைத்தார்கள். அங்கிருந்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோய், இணைய மோசடிக் கூடங்களில் உட்காரவைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, வெளியே விடச் சொன்னால் பணம் கேட்டு மிரட்டல். மீட்க வெளியுறவுத் துறையும் தூதரகங்களும் இறங்க வேண்டியிருந்தது. இதில் ‘கடத்தல்’ என்று நம் காதில் விழும் காட்சி எங்கே இருக்கிறது?

வெளிநாடு வேண்டாம், உள்ளூருக்கே வருவோம். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். மூன்றாண்டு வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று பேச்சு. ஊருக்குத் தெரிந்த தரகர்தான் வருவார், அம்மாவே பையில் துணி அடுக்கிக் கொடுப்பார். பல ஆலைகளில் பிள்ளைகளை விடுதிக்கு வெளியே விடவில்லை. இடையில் நின்றவர்களுக்குத் தொகையும் வரவில்லை. அந்த அம்மாவிடம் போய் ‘உங்கள் மகள் கடத்தப்பட்டாளா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் ‘கடத்தல்’ என்று அச்சடித்தால் அது தன் வீட்டுக்கான செய்தி என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. இதனால்தான் இதை வெறும் சொல் சண்டை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பிப்ரவரி 8 யாருடைய நாள் என்று தெரிந்திருந்தாலே மொழிபெயர்ப்பாளருக்குச் சரியான சொல் கிடைத்திருக்கும். அது ஜோசபின் பக்கிதா இறந்த நாள். சூடானின் டார்ஃபூரில் 1869 வாக்கில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போது தூக்கிச் செல்லப்பட்டார். அது கடத்தல், மறுக்கவில்லை. ஆனால் அது நடந்தது ஒரு தடவை. அதற்குப் பிறகு கைமாறிக் கைமாறிப் பல தடவை விற்கப்பட்டார். பக்கிதா என்பதும் அவர் பெயரல்ல, பிடித்தவர்கள் வைத்தது. அரபியில் ‘பாக்கியவதி’ என்று பொருள். பெற்றோர் இட்ட பெயர் அவருக்கே மறந்துபோனது. 1883இல் கார்ட்டூமில் இருந்த இத்தாலியத் துணைத் தூதர் ஒருவர் அவரை விலை கொடுத்து வாங்கினார். அவரோடுதான் இத்தாலி போனார். அங்கே இன்னொரு குடும்பத்திடம் கொடுக்கப்பட்டார். அந்தக் குடும்பம் தங்களோடு திரும்பி வரக் கூப்பிட்டபோது ‘வர மாட்டேன்’ என்று வெனிசில் கனோசியச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கப் பெண் துறவியரின் இல்லத்தில் நின்றுவிட்டார். வழக்கு நீதிமன்றம் போனது. 1889 நவம்பரில் அவர் யாருக்கும் அடிமையல்ல என்று தீர்ப்பு வந்தது. தூதரகம், கன்னியர் இல்லம், நீதிமன்றம் மூன்றும் இந்த ஒரே வாழ்க்கையில் இருக்கின்றன. 1947இல் இறந்தார், பலர்மோ நெறிமுறை வந்த அதே 2000இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இன்று சமய அமைப்புகளும் அரசுகளும் சேர்ந்து செய்யும் வேலையும் வியாபாரத்தின் கண்ணிகளை அறுக்கிற வேலைதான். 2009இல் உருவான ‘தலித்தா கும்’ பெண் துறவியரின் உலகளாவிய வலைப்பின்னல். பெயர் மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்லும் அரமேயச் சொல்: ‘சிறுபெண்ணே, எழுந்திரு’. ஆள் அனுப்பும் ஊரிலும் ஒரு கன்னியர் மடம் உண்டு, ஆள் போய்ச் சேரும் ஊரிலும் ஒன்று உண்டு. காவல் துறைக்குக் கிட்டாத வசதி அது. 2014 ஏப்ரலில் ரோமில் தொடங்கிய சாந்தா மார்த்தா குழுவில் ஆயர்களும் பல நாட்டுக் காவல்துறைத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ், ஆங்கிலிக்கன் பேராயர் ஜஸ்டின் வெல்பி, மாதா அமிர்தானந்தமயி ஆகியோருடன் இஸ்லாமிய, யூத, பௌத்த, ஆர்த்தடாக்ஸ் தலைவர்களும் நவீன அடிமைமுறைக்கு எதிரான கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? என் தேர்வு ‘ஆள்வணிகம்’. இது புதிதாகச் செய்ய வேண்டிய சொல்லும் இல்லை. சோழர் காலத்து ஆவண வகை ஒன்றின் பெயர் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’. ஆளை விற்றதற்கான பத்திரம். கோயிலுக்கே ஆட்களை விற்ற கல்வெட்டுகள் உண்டு. சமயம் இந்த வணிகத்தின் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதையும் அவை மறைக்காமல் சொல்கின்றன. ‘மனித’ என்பதைவிட ‘ஆள்’ எனக்கு உகப்பாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூலியாள், பண்ணையாள், வேலையாள் என்று உழைப்போடு ஒட்டிய சொல் அது. விற்கப்படுவதும் பெரும்பாலும் அந்த உழைப்புக்காகத்தான். கத்தோலிக்கத் தமிழ்ச் செய்திகளில் வரும் ‘மனித வர்த்தகம்’, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் ‘மனித வியாபாரம்’ இரண்டும் பொருளில் குறையற்றவை. வர்த்தகமும் வியாபாரமும் வடசொல் என்று அவற்றைத் தள்ள மாட்டேன். தூய தமிழில் ஒரு தவறான சொல்லைவிடக் கலப்புத் தமிழில் சரியான சொல் மேல்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று கவனிக்கத்தக்கது. வணிகம் நல்ல தொழில், குற்றத்துக்கு அந்தப் பெயர் வைத்தால் குற்றத்தின் கறை குறைந்துவிடும் என்கிறார்கள். ‘சாராய வியாபாரம்’ என்று கேட்டு யாருக்கும் மரியாதை வந்ததில்லை. முன்னால் வரும் சொல்தான் தீர்மானிக்கிறது. ஆளை வைத்து வணிகம் என்றாலே குற்றம் தெரிந்துவிடுகிறது. காசே கைமாறாமலும் இந்தக் குற்றம் நடக்கலாமே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், சட்டம் விற்பனை ரசீது கேட்கவில்லை. ஆனாலும் ஆளைப் பயன்தரும் பொருளாக நடத்துவதே அதன் சாரம். ‘வணிகம்’ அதைத் தொடுகிறது, ‘கடத்தல்’ தொடவில்லை. ‘எல்லோரும் கடத்தல் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள்’ என்பது வாதமே அல்ல. பழக்கியது யார்?

அந்த வரியின் மற்ற இரண்டு சொற்கள். ‘நம்பிக்கை அடிப்படையிலான அமைப்பு’ என்றால் தமிழருக்கு என்ன புரியும்? நம்பிப் பணம் போடுகிற இடமா, நம்பிக்கையூட்டும் பேச்சாளர் நடத்துவதா? அங்கே இருக்கிற பொருள் சமயப் பற்று. ‘சமய அமைப்பு’ போதும், ‘அடிப்படையிலான’ என்ற வாலும் வேண்டாம். ‘ராஜதந்திரம்’ பழகிய சொல், தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தந்திரம் என்றதும் சூழ்ச்சி நிழலாடுகிறது. மீட்புப் பணியைச் சொல்லும்போது ‘தூதரகங்கள்’ என்றே எழுதிவிடலாம். ‘சமய அமைப்புகளும் தூதரகங்களும் சேர்ந்து ஆள்வணிகத்தைத் தடுக்கின்றன’. வரி பாதியாகக் குறைந்துவிட்டது.

‘கடத்தப்பட்டவர்’ என்பதற்கு மாற்று கேட்பார்கள். ‘விலைபோனவர்’ கூடவே கூடாது. தமிழில் அது கொள்கையைக் காசுக்கு விட்டவரைக் குறிக்கும், பழி சிக்கியவர் மேல் விழும். நடந்ததைச் சொல்லும்போது ‘விற்கப்பட்டவர்’ என்றும், வெளியே வந்தவரைச் சொல்லும்போது ‘ஆள்வணிகத்திலிருந்து மீண்டவர்’ என்றும் எழுதுங்கள். ‘மீட்கப்பட்டவர்’ வேறு, யாரும் வந்து மீட்காமல், மதில் ஏறிக் குதித்துத் தானே தப்பி வந்தவர்களும் இருக்கிறார்கள்.