இருமுறை வெந்த கிழங்கு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அறுபது கட்லட் செய்ய வேண்டியிருந்ததாம். கிழங்கு அவித்து, தோலுரித்து, மசிக்க நேரமில்லாததால் சுப்பர்மார்க்கெட்டில் உடனடி மசியல் பக்கெட் இரண்டு வாங்கியிருக்கிறார். கேத்தலில் கொதித்த நீரை அப்படியே ஊற்றி, கட்டி விழக்கூடாதென்று பிளெண்டரில் போட்டு நன்றாக அடித்திருக்கிறார். கிடைத்தது சுவரொட்டி ஒட்டுகிற பசை. “இதில் கிழங்கே இல்லை, ஏதோ இரசாயன மா” என்று மாமியார் சொல்லிவிட்டாராம். அது உண்மையா என்பதுதான் அவருடைய கேள்வி.

உண்மையில்லை. பக்கெட்டில் இருந்தது நீர் போன கிழங்கு. நூறு கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 கிராம் நீர்தான். அதை அகற்றினால் ஐந்தாறு கிலோ கிழங்கு ஒரு கிலோ செதிலாகச் சுருங்கிவிடும். பாலிலிருந்து பால்மா வருவது போலத்தான். ஆனால் பால்மாவைக் கரைப்பது போல இதைக் கரைக்கக் கூடாது. மசித்த கிழங்கு என்பது கலங்களின் குவியல். கலத்தை உடைத்தால் காரியம் கெட்டுவிடும்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்ததுதான். கிழங்கின் ஒவ்வொரு கலமும் ஒரு சிறு பை. உள்ளே மாப்பொருள் மணிகள். சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அந்த மணிகள் கலத்திலுள்ள நீரைக் குடித்து ஊதி, பையை நிரப்பிவிடுகின்றன. பைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு இன்னும் கூடிய சூடு, கொதிநிலையை ஒட்டிய சூடு தேவை. அது இளகியபின் கரண்டியால் அழுத்தினால் பைகள் கிழியாமலே தனித்தனியாகப் பிரியும். நாக்கில் பூப்போல உதிரும் மசியல் என்பது இதுதான். பிளெண்டரின் அலகு பைகளைக் கிழிக்கிறது. உள்ளிருந்த மாப்பொருட் கூழ் வெளியே வழிந்து எல்லாவற்றையும் ஒட்டிப்பிடிக்கிறது.

அப்படியானால் ஒரு சிக்கல் வருகிறது. கிழங்கை அவித்து, மசித்து, உலர்த்தி, உடைத்து, மறுபடி நீரூட்டும்போது எத்தனையோ கலங்கள் கிழியத்தானே செய்யும்? ஒவ்வொரு பக்கெட்டும் பசையாகத்தானே முடிய வேண்டும்?

1950களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பிலடெல்பியாப் பகுதி ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் கோர்டிங், மைல்ஸ் வில்லார்ட் ஆகியோர் இதற்கு வழி கண்டார்கள். கிழங்குத் துண்டுகளை முதலில் 70 பாகையை ஒட்டிய நீரில் சுமார் இருபது நிமிடம் வைப்பார்கள். மாப்பொருள் ஊதிவிடும், பெக்டின் இன்னும் இளகாததால் துண்டு குலையாது. உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் இன்னுமோர் இருபது நிமிடம். அதன் பிறகே ஆவியில் முழுதாக வேகவைப்பார்கள். வேகவைத்து, ஆறவிட்டு, மீண்டும் வேகவைப்பது: எரிபொருளை வீணாக்கும் வேலைபோலத் தோன்றும். ஆனால் இடையிலுள்ள அந்தக் குளிர்ச்சியில்தான் எல்லாமே நடக்கிறது.

மாப்பொருளில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. அமைலோசு நீண்ட நூல். அமைலோபெக்டின் கிளைவிட்ட பற்றை. சூட்டில் அமைலோசு நூல்கள் மணியை விட்டு வெளியே வந்து கூழில் அலைகின்றன. பிசுபிசுப்புக்குப் பெருமளவு காரணம் இந்த நூல்கள்தாம். குளிரும்போது அவை ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் படுத்து, கயிறு திரிப்பது போல இறுகிக்கொள்கின்றன. ஒருமுறை இறுகிய அமைலோசை மறுபடி பிரிக்க 100 பாகை போதாது. ஆகவே இரண்டாவது வேகலில் அது கரைவதில்லை. பின்னர் சில கலங்கள் கிழிந்தாலும் வெளியே வழிந்து ஒட்டுவதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை!

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அம்மம்மாவின் முற்றம் நினைவுக்கு வந்தது. நெல்லை ஊறவைத்து, பெரிய பானையில் அவித்து, பாயில் பரப்பிக் காயவிடுவார். அந்தப் புழுங்கல் அரிசியை மறுபடி உலையிலிட்டால் சோறு பச்சையரிசிச் சோறுபோலக் குழையாது. பருக்கை பருக்கையாக நிற்கும். கஞ்சியில் கரைந்துபோகும் மாப்பொருளும் குறைவு. உமிக்குள்ளேயே ஒருமுறை வெந்து, ஆறி, இறுகிய மாப்பொருள் அது. பிலடெல்பியாவில் கிழங்குக்குச் செய்ததும் புழுக்கல்தான்.

நேற்றைய சோறு விறைப்பதும் மிஞ்சிய இடியப்பம் கொத்துக்கு ஏற்றதாக மாறுவதும் இதே குடும்பத்துக் கதை. சோற்றைச் சூடாக்கினால் மென்மை திரும்புகிறது. மெதுவாக இறுகும் அமைலோபெக்டின் 60 பாகையளவிலேயே இளகிவிடுவதே அதற்குக் காரணம். அமைலோசு இளகாததால் பழைய குழைவு மட்டும் திரும்புவதில்லை.

மிச்சம் சுருக்கமானது. மசித்த கிழங்கை நீராவியால் சூடேறிய உருளையின்மேல் மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். உருளை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், சில பத்து விநாடிகளில், படலம் காய்ந்துவிடும். கத்தி அதைத் தாள்போல உரித்தெடுக்க, பின்னர் செதில்களாக நொறுக்குகிறார்கள். நொறுக்கும்போது செதிலின் ஓரத்துக் கலங்கள் உடைகின்றன. செதில் சிறுக்கச் சிறுக்க ஓரங்கள் கூடும், பசையும் கூடும். அதனால் செதிலை மிக்சியில் அரைத்து மாவாக்காதீர்கள். ஒரு செதிலில் எவ்வளவு கட்டற்ற மாப்பொருள் இருக்கிறது என்று ஆலைகளில் அயடீனிட்டு, நீலம் எவ்வளவு கடுமையாக ஏறுகிறது என்று அளப்பார்கள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாம் பாண் துண்டில் செய்த அதே பரிசோதனை.

மாமியார் சொன்ன இரசாயனத்தையும் பார்த்துவிடுவோம். பல பக்கெட்டுகளில் E471 என்றிருக்கும். கொழுப்பிலிருந்து பெறும் இந்தப் பொருள் அலையும் அமைலோசைப் பற்றிக்கொண்டு ஒட்டாமல் தடுக்கிறது. தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம் என்பதால், சைவ உணவுக்காரரும் ஹலால் பார்ப்பவர்களும் பொதியின் குறியைக் கவனிப்பது நியாயம். E223 நிறம் கறுக்காமல் காக்கும் சல்பைட்டு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. E என்ற எழுத்தைக் கண்டதும் நஞ்சென்று அஞ்சுவது அறியாமை. எது எவருக்கு ஆகாது என்று அறிவதே பயன்தரும். உலர்த்தும்போது உயிர்ச்சத்து C பெரும்பாலும் அழிந்துவிடுகிறது, அது மெய்யான இழப்பு. சுவையூட்டிய பக்கெட்டுகளில் உப்பையும் பாருங்கள்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த முறை பிறந்தது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகூடத்தில். அதுவரை உலர்செதிலுக்கு மாப்பொருள் செறிந்த கிழங்கே உகந்ததாக இருந்தது. நீர்த்தன்மை கூடிய கிழங்கையும் பயன்படுத்த இந்த இருமுறை வேகல் வழிசெய்தது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் யாழ்ப்பாணத்திலும் கிழங்கு விளைகிறது. அறுவடைக் காலத்தில் விலை விழுந்து விவசாயி தவிப்பதையும் வேறு மாதங்களில் புறக்கோட்டையில் விலை ஏறுவதையும் பார்க்கிறோம். ஆய்வுக்கு நம் நாடு ஒதுக்குவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகை. நெல் புழுக்கத் தெரிந்த நாட்டில், நம் மலைநாட்டுக் கிழங்கை எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் புழுக்க வேண்டும் என்று பார்க்க ஒரு சிறு ஆய்வுக்குழுவுக்குக்கூடப் பணம் ஒதுக்கத் தயங்கினால், இறக்குமதிப் பக்கெட்டையே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்போம். எனக்கு இது வேதனை தருகிறது.

இனி வாசகியின் கட்லட். கொதிநீர் நேரே விழுந்ததும் பிளெண்டர் சுழன்றதும் சேர்ந்துதான் உங்கள் மசியலைக் கெடுத்தன. அடுத்தமுறை மூன்று பங்கு கொதிநீரோடு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பால் ஒரு பங்கு சேருங்கள். சூடு 76 பாகையளவுக்கு இறங்கும். அதில் செதிலைத் தூவி, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, முட்கரண்டியால் மெல்லப் புரட்டினால் போதும். சாப்பாட்டு மேசைக்கான மசியலுக்கு 100 கிராம் செதிலுக்கு 400 மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூடலாகத் திரவம் வேண்டும். கட்லட்டுக்கு 300 போதும், ஏனென்றால் ரின்மீனிலும் வதக்கிய வெங்காயத்திலும் ஈரம் இருக்கிறது. பிசைந்த கலவையை மூடி, ஓரிரு மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு உருண்டை பிடியுங்கள். மாப்பொருள் உள்ளே இன்னும் சற்று இறுகியிருக்கும்; உருண்டை எண்ணெயில் பிளக்காது.